இன்னும் எழுதப்படவில்லை

ஏனுங்ணா, இந்த டிரைவரு எப்பவுமே இப்படித்தான் உருட்டுவாரா? காந்திபுரத்துல ஏறும்போது கண்டக்டரு, 'உக்காருங்க, கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள மேட்டுப்பாளையம்'னாரு. இப்பப் பாருங்க, கையைத் தூக்குன எடத்துலயெல்லாம் நிறுத்தறாரு. தலை சொறியறதுக்குக் கையைத் தூக்குனாக்கூட நிறுத்துவாரு போல. கவுண்டம்பாளையமே இன்னும் தாண்டலை.

இல்லீங்ணா, உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. காலையில சாப்பிடாம வந்துட்டனுங்க, அதான். தண்ணியெல்லாம் வேண்டாங்க. சரி, குடுங்க, ஒரு வாய்.

எதுக்குப் பொய் சொல்லணும். பயமா இருக்குங்ணா. மடியில லேப்டாப்பு, அதுக்கு மேல போனு, ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டே வர்றேன். யார்கிட்டயாச்சும் சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்குது. நீங்க யாரோ எவரோ, மேட்டுப்பாளையத்துல எறங்கி உங்க வேலையைப் பாக்கப் போயிருவீங்க. அதனால உங்ககிட்டச் சொல்லலாமுங்க.

எம்பேரு திருமூர்த்தி. எம்பட தங்கச்சி மைனாவதி, காரமடை தாண்டி ஒரு கோல்டு ஸ்டோரேஜ்ல வேலை பாக்குது. உருளைக்கெழங்குக்குங்க. மலையில இருந்து வர்றது, வடக்க இருந்து லாரியில வர்றது, எல்லாக் கெழங்கும் உள்ள மூட்டை மூட்டையா அடுக்கியிருக்கும். தரம் பிரிக்கற பொம்பளைங்களுக்கு மைனாதான் சூப்பர்வைசரு. அந்தக் குளிரு எங்கிருந்து வருதுன்னு நெனைக்கறீங்க? அம்மோனியா கேஸுங்க. பைப்பு பூரா அதுதான் ஓடுது. கொஞ்சமாக் கசிஞ்சா கண்ணெரியும், மூக்கெரியும். எச்சாக் கசிஞ்சா மூச்சு அடைச்சுப் போயிரும். ஜன்னலே இல்லாத கட்டடமுங்க அது. கதவு இம்மாங்கனம். உள்ள இருக்கறவங்க மூட்டைச் சந்துல ஓடி, அந்தக் கதவைத் தள்ளித் தெறந்து வெளிய வர்றதுக்குள்ள... வேண்டாமுங்க, அதைச் சொல்ல வாய் வரலை.

கேஸு கசிஞ்சா மில்லுச் சங்காட்டம் ஊதறதுக்குன்னு அங்க ஒரு பெட்டி மாட்டியிருக்குது. காத்துல கேஸு எத்தனை இருக்குதுன்னு அதுல நம்பரு ஓடும். எல்லாம் சரியா இருந்தா பச்சை வெளக்கு எரியும். கசிஞ்சா செவப்பு எரிஞ்சு சங்கு ஊதும். அந்தப் பெட்டியைச் செஞ்சது நானுங்க.

மைனா சொல்லித்தான் அந்த வேலை எனக்கு வந்துச்சு. மொதலாளிகிட்டப் போயி, 'வெளியூருக் கம்பெனிக்காரன் மாட்டிட்டுப் போனா அப்புறம் ரிப்பேருக்கு வரமாட்டானுங்க. எங்கண்ணன்னா கூப்பிட்ட கொரலுக்கு வரும்'னு சொல்லியிருக்குது. மொதலாளி லேசுல யாரையும் நம்ப மாட்டாரு. மைனா மொகத்துக்காக நம்புனாரு. நானும் கூப்பிட்ட கொரலுக்கு வந்துட்டுத்தானுங்களே இருக்கறேன்.

காலையில மைனா போன் பண்ணுச்சு. 'அண்ணா, ரெண்டாம் ரூமுல வாசம் எச்சா அடிக்குது. கண்ணுல தண்ணி வருது. ஆனா உம்பட பெட்டி பச்சையாத்தான் இருக்குது'ன்னுச்சு.

'நம்பரு எத்தனை காட்டுது?'ன்னேன். சொல்லுச்சு.

'நேத்து எத்தனை காட்டுச்சு?'ன்னேன்.

'அதேதாண்ணா. முந்தாநேத்தும் அதேதான். அதனாலதான மேஸ்திரி, ஒண்ணும் கசியலை, நீ வேலையைப் பாருங்கறாரு'ன்னுச்சு.

எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சுங்ணா. அந்த நம்பரு ஒரே எடத்துல நிக்கவே நிக்காது. கதவைத் தெறந்தா ஏறும், மூடினா எறங்கும், சும்மா கெடந்தாலும் ஆடிக்கிட்டேதான் இருக்கும். முந்தாநேத்துல இருந்து ஆடாம அசையாம நிக்குதுன்னா, உள்ள கேஸை மோந்து பாத்துச் சொல்ற சென்சாரு பேச்சை நிறுத்திப்போடுச்சுன்னு அர்த்தம். அது செத்துப் போச்சு. பெட்டி என்ன பண்ணுது? அது பதில் சொல்லும் சொல்லும்னு காத்துட்டு நிக்குது. கடைசியாச் சொன்ன நம்பரைக் காட்டிக்கிட்டு, பச்சையைப் போட்டுக்கிட்டு, சும்மா நிக்குது.

'என்னண்ணா, கசியுதா?'ன்னுச்சு மைனா. 'ஒண்ணுமில்லை அம்மிணி, சின்னக் கோளாறு. நான் நேர்ல வந்து சரி பண்ணிக்கறேன். யார்கிட்டயும் சொல்லிக்காதே'ன்னேன். போனை வெச்சேன். பைக்கு மெக்கானிக்கிட்டக் கெடக்குது. லேப்டாப்பை அள்ளிப் போட்டுட்டு ஓடியாந்து இந்த உருட்டு பஸ்ஸுல ஏறினேன்.

என்னங்ணா? போன்லயே சொல்லி எல்லாரையும் வெளிய வரச் சொல்லியிருக்கலாமா? சொல்லலாமுங்க. சொல்லக்கூடாதுன்னு இல்லை. மொதல்ல இது யாரு தப்புன்னு உங்களுக்குப் புரியணும். அது புரியலைன்னா மத்தது எதுவும் புரியாது.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்றதுக்கு ஒரு மொழி வேணுமுங்க. பெரிய கம்ப்யூட்டர்ல ஓடற மொழி ஒண்ணு இருக்குது, ஒலகம் பூரா எழுதறாங்க, எனக்கு அது தண்ணி பட்ட பாடு. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது தீப்பெட்டியாட்டம் ஒரு போர்டு. பெரிய மொழி அதுக்குள்ள ஏறாது. அதுக்குன்னே எந்தெந்த நாட்டுலயோ இருக்கறவங்க நாலஞ்சு பேரு சேந்து, அதே மொழியைச் சின்னதா எழுதி, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு சும்மாவே போட்டு வெச்சிருக்காங்க. ஓப்பன் சோர்ஸும்பாங்க. நல்ல விசயந்தான். நானும் எடுத்தேன்.

மொழி மட்டும் இருந்தாப் பத்தாதுங்ணா. அதுகூட சாமான் செட்டு வரணும். மணி பாக்க ஒண்ணு, கணக்குப் போட ஒண்ணு, கம்பி வழியா இன்னொரு மெஷின்கிட்டப் பேச ஒண்ணு. ஒவ்வொருத்தனும் மொதல்ல இருந்து எழுதிக்கிட்டிருக்க முடியாதுல்ல? அதனால மொழி எழுதறவங்களே எல்லாத்தையும் செஞ்சு கூடவே வெச்சுக் குடுப்பாங்க. அதுக்குப் பேருதான் ஸ்டாண்டர்ட் லைப்ரரி. வாடகைக்கு ஊடு பாக்கப் போறோம், செவுத்துல சுவிட்சு இருக்குது. தட்டினா லைட்டு எரியும்னுதான நெனைப்போம்? உள்ள வயரே இழுக்கலைன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு எனக்கு.

அந்தச் சாமான்ல, ஃபங்ஷன்னு சொல்லுவோம், காத்திருக்கறதுக்குக் கெடு வெக்கறது ஒண்ணு இருக்குதுங்க. 'சென்சாருகிட்டக் கேளு. இத்தனை நேரத்துக்குள்ள பதில் வரலைன்னா அதை விட்டுப்போட்டு வா, வந்து சங்கை ஊது.' அம்புட்டுத்தான் அதுக்கு வேலை. பெரிய மொழியில அது காலங்காலமா இருக்குது. இந்தச் சின்ன மொழியில பேரு மட்டும் இருக்குது. கூப்பிட்டாப் போதும், 'இன்னும் எழுதப்படவில்லை'ன்னு ஒரு வரி வந்து, புரோகிராமு அப்படியே படுத்துக்கும். எழுதலைன்னா பேரை எதுக்குங்க வெக்கறீங்க? சோறு ஆக்கலைன்னா எலையை எதுக்குப் போடறீங்க?

நான் சும்மா விடலீங்ணா. அவங்களுக்குன்னு நெட்டுல ஒரு பக்கம் இருக்குது, குறை இருந்தா எழுதலாம். நல்லா நறுக்குன்னு எழுதினேன். 'இவ்வளவு முக்கியமான ஒண்ணு இல்லாம எப்படி இதையெல்லாம் ஊருக்குக் குடுக்கறீங்க, பொறுப்பு வேண்டாமா'ன்னு கேட்டேன். ஒருத்தரு பதில் போட்டாரு. வெள்ளைக்காரரு, கையில கொழந்தையை வெச்சுக்கிட்டு நிக்கற படம். 'நீங்க சொல்றது சரிதான். எங்களுக்கு ஆள் பத்தலை. நீங்க எழுதிக் குடுத்தாச் சந்தோசமாச் சேத்துக்குவோம், எப்படி எழுதறதுன்னு நானே கூட இருந்து சொல்றேன்'னு மரியாதையாத்தான் எழுதியிருந்தாரு. ஆனா பாருங்க, கடைக்குப் போயி அரிசியில கல்லு கெடக்குதுன்னா, வந்து பொறுக்கிக் குடுங்கங்கற மாதிரி இருக்குதா இல்லையா? எனக்கென்ன வேலை வெட்டி இல்லையா? நான் பதிலே போடலை.

அவரே கீழ இன்னொண்ணும் எழுதியிருந்தாரு. 'உசுருக்கு ஆபத்து வர்ற எடத்துல இதை இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம்'னு. அது எல்லாரும் போடறதுதானுங்க. மருந்து டப்பாவுலகூடத்தான் போட்டிருக்கான், அதுக்காக மாத்திரை முழுங்காமயா இருக்கறோம்?

மொதலாளி வேற நெருக்கறாரு. அதிகாரிங்க சோதனைக்கு வரப்போறாங்க, அதுக்குள்ள பெட்டியை மாட்டிரணும்னு. மைனா தெனமும் கேக்குது, 'என்னண்ணா, நான் சொன்ன சொல்லு என்னாகறது'ன்னு. அதனால எங்க தொழில்ல எல்லாரும் செய்யறதை நானும் செஞ்சேன். இல்லாத ஃபங்ஷன் பேர்லயே நானா ஒண்ணு எழுதினேன். உள்ள ஒண்ணுமே கெடையாது. கூப்பிட்டா 'சரி'ன்னு மட்டும் சொல்லும். புரோகிராமு படுக்காம ஓடணுமில்லீங்களா? ஓடுச்சு. அருமையா ஓடுச்சு. மாட்டுற அன்னிக்கு ஒரு பஞ்சை அம்மோனியாவுல நனைச்சு சென்சாருகிட்டக் காட்டினேன். செவப்பு எரிஞ்சு, சங்கு ஊதி, ஊரே திரும்பிப் பாத்துச்சு. மைனா மொகத்துல இருந்த பெருமை இருக்குதே, அதை நீங்க பாத்திருக்கணும்.

சென்சாரு உசுரோட இருந்தா அது சரியாத்தானுங்க ஊதும். செத்துப் போனா என்ன பண்றதுங்கறதுக்குத்தான் அந்தக் கெடு. அவங்க அடுத்த வெர்சன்ல எப்படியும் எழுதிருவாங்க, வந்ததும் நம்ம காலிப் பொட்டலத்தை எடுத்துட்டு அதை வெச்சுக்கலாம்னுதான் இருந்தேன். கோடை பூரா காத்திருந்தேனுங்க. புது வெர்சன் வந்துச்சு. ஆசை ஆசையாத் தெறந்து பாக்கறேன், என்னத்தை எழுதியிருக்காங்க தெரியுங்களா? எழுத்தைக் கலர் கலராக் காட்டறதுக்கு! இங்க ஒருத்தன் கெடு கேட்டுக் கெடக்கறான், அங்க கலரு! நான் எழுதுன குறை அதே எடத்துல அப்படியே தீராமக் கெடக்குது. அதுக்குக் கீழ இன்னும் நெறையப் பேரு வந்து, எங்களுக்கும் வேணும் எங்களுக்கும் வேணும்னு எழுதி வெச்சிருக்காங்க. ஒருத்தராச்சும் எழுதிக் குடுக்கலாமில்ல? யாரும் குடுக்கலை. ஒலகமே அப்படித்தான் இருக்குது.

துடியலூரு வந்துருச்சா? அட, இன்னும் ஏத்தறாரு பாருங்க. நிக்க எடமில்லாம ஏத்தறாரு.

போன் பண்ணுங்க, போன் பண்ணுங்கறீங்க. மொதலாளிகிட்ட என்னன்னு சொல்றது? 'பெட்டி வேலை செய்யலை'ன்னா, 'எப்ப இருந்து?'ம்பாரு. அப்புறம் மைனா அங்க தலை நிமுந்து நடக்க முடியுமா? நேர்ல போயிட்டா யாருக்கும் தெரியாது. சர்வீஸ் பண்ண வந்தேன்னு சொல்லி, பெட்டியைத் தொறந்து, சென்சாரை மாத்தி, கெடுவுக்கு நானே என்னமாச்சும் எழுதிப் போட்டுட்டா முடிஞ்சு போச்சு. எழுத வராதுன்னு இல்லீங்ணா. ஒக்காந்தா ஒரு மத்தியானத்துல எழுதிருவேன். ஆனா நான் ஏன் எழுதணும்ங்கறேன்.

மேஸ்திரி நஞ்சப்பன்னு ஒருத்தரு இருக்காரு அங்க. பழைய ஆளு. மூக்கை வெச்சே எங்க கசியுது, எந்த வால்வுன்னு சொல்லிருவாரு. பெட்டி மாட்டுன அன்னிக்கு, 'இது எதுக்கு, எம்பட மூக்கு பத்தாதா'ன்னு கேட்டாரு. நாந்தான் எடுத்துச் சொன்னேன், 'மேஸ்திரி, மூக்கு பழகிப் போயிரும், அப்புறம் வாசமே தெரியாது. இனி மூக்கை நம்பாதீங்க, பெட்டியைப் பாருங்க'ன்னு. நல்ல மனுசன், சொன்னதைக் கேட்டுக்கிட்டாரு. அன்னையில இருந்து யாராச்சும் வாசம் அடிக்குதுன்னா, பெட்டியைத்தான் கைகாட்டறாராம்.

அதை நெனைச்சாத்தான்... சித்தெ இருங்க. போன் வருது. மைனாதான்.

'சொல்லு அம்மிணி... வந்துட்டேன், வந்துட்டேன், துடியலூரு தாண்டிட்டேன்... என்ன லோடு? லாரி வந்துருச்சா? எங்க எறக்கச் சொல்றாரு மேஸ்திரி... ரெண்டாம் ரூமுலயா? எத்தனை பேரு உள்ள போயிருக்காங்க?... நீ எங்க நிக்கறே? எடை மேடைகிட்டயா? நீ உள்ள போகலையே?... ஏன் இருமறே?... மைனா, நான் சொல்றதை மட்டும் கேளு. நீ உள்ள போகாதே. கேட்டுக்கு வெளிய, ரோட்டுல போயி நில்லு. வயித்து வலின்னு சொல்லிக்க... ஏன்னு கேக்காதே. அண்ணன் சொல்றேன்ல... பச்சைதான் எரியுது, தெரியும், அது எப்பவும் பச்சைதான் எரியும். அதை நம்பாதே, நீ வெளிய போ... மத்தவங்களா? மத்தவங்களை மேஸ்திரி பாத்துக்குவாரு. நீ மொதல்ல... மைனா? அலோ?'

லாரி வந்துருக்குதாமுங்க. ரெண்டாம் ரூமுக்குள்ள மூட்டை எறக்கறாங்களாம், பொம்பளைங்களும் உள்ள போயிட்டாங்களாம். மைனாவை வெளிய போகச் சொல்லிட்டேன். அப்பாடா. இப்பத்தான் மூச்சு வருது. இனிப் பரவால்லைங்க, எப்படியும் காரமடை வந்துரும், மைனா ரோட்டுல பத்திரமா நிக்கும், நான் போயி...

ஏனுங்ணா அப்படிப் பாக்கறீங்க?

இல்லீங்க, லைன் கட்டாகலை. போனை எங்கயோ வெச்சுட்டுப் போன மாதிரி இருக்குது. சத்தமெல்லாம் கேக்குது. மைனா கத்துது. 'வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க'ன்னு கத்துது. நல்லாத்தான கத்துது... கொரலு ஏன் தூரமாப் போகுது? ரோட்டுக்குப் போனா இப்படி எதிரொலிக்காதுங்களே. ரூமுக்குள்ளதான் இப்படி எதிரொலிக்கும்.

அண்ணா, மைனா உள்ள போகுதுங்ணா.

நான் வெளிய போன்னுதான சொன்னேன்? நீங்களும் கேட்டீங்கல்ல? தெளிவாத்தான சொன்னேன், ரோட்டுல போயி நில்லுன்னு? அது எதுக்கு உள்ள போகுது? யாரோ நாலு பேருக்காக... மைனா! மைனா! கேக்காது. கெழங்கு மூட்டை அடுக்குக்குள்ள என்னத்தைக் கேக்கும். அய்யோ, டிரைவரண்ணா, ஏறுனவங்க போதும், போங்களேன்!

யாரோ போனை எடுத்துட்டாங்க. அலோ! அலோ, யாருங்க பேசறது?... எடை போடற ராஜாமணிக்காவா? அக்கா, நான் மைனாவோட அண்ணன். மைனா எங்கங்க்கா?... உள்ள இருக்கறவங்களைக் கூப்பிடப் போச்சா? அதைக் கூப்பிடுங்க்கா... இல்ல, நீங்க போகாதீங்க! நில்லுங்க, நீங்க உள்ள போகாதீங்க... ஏன்னா... ஏன்னா அந்தப் பெட்டி இருக்குதுல்லங்க்கா, அதுல ஒரு லைப்ரரி. அதை எழுதுனவங்க ஒரு ஃபங்ஷன் எழுதாம விட்டுட்டாங்க. அதனால சென்சாருக்கு வெயிட் பண்றப்ப... இல்லீங்க்கா, எம்மேல தப்பு இல்லீங்க, அவங்க அடுத்த வெர்சன்ல...

ஏனுங்ணா! போனை ஏன் புடுங்கறீங்க? குடுங்க. நான் பேசிட்டிருக்கேன்ல...

...

'கேஸு கசியுது, பெட்டி கெட்டுப் போச்சு, அதைப் பாக்காதே. எல்லாத்தையும் வெளிய தாட்டிவிடு தாயி, கதவைப் பூராத் தெறந்து போடு.' நீங்க சொன்னது அம்புட்டுத்தானா? அம்புட்டுத்தான் சொல்லணுமாங்ணா?

எல்லாரும் என்னையே பாக்கறாங்க. கண்டக்டரு யாருக்குப் பேசறாரு? தீயணைப்பு வண்டிக்கா? சரிங்க. சொல்லட்டுங்க. எந்த எடம்னு கேக்கறாரா? காரமடை தாண்டி, இடது கைப்பக்கம், நீலக் கதவு. நீலக் கதவுன்னு சொல்லச் சொல்லுங்க. ஆம்புலன்சும் வரட்டும்னு சொல்லச் சொல்லுங்க.

என்ன கேக்குதுங்ணா? போனை நீங்கதான காதுல வெச்சிருக்கீங்க. ஆளுங்க வர்ற சத்தம் கேக்குதா? இருமறாங்களா? எத்தனை பேரு இருமறாங்க? அதுல எம்பட தங்கச்சி இருமறது எப்படி இருக்கும்னா... எப்படி இருக்கும்னு சொல்றது. காலையில பேசறப்பவே இருமுச்சுங்க. நாந்தான் சின்னக் கோளாறுன்னேன். அந்த ராஜாமணிக்காகிட்டக் கேளுங்க. மைனா வந்துருச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கலைங்க, எனக்குத் தைரியமில்லை. நீங்களே கேளுங்க.

இன்னும் வரலையா? யாரைத் தூக்கிட்டு வர்றாங்க? ஆம்பளையா பொம்பளையான்னு கேளுங்க... நஞ்சப்பன் மேஸ்திரியா. மூச்சு இருக்குதா? இருக்குதாமா. அவரை யாரு தூக்கிட்டு வந்தது? ஒரு பக்கம் லாரிக்காரரு, இன்னொரு பக்கம்...

மைனாவா. மைனாதான் புடிச்சுட்டு வருதாங்ணா? நடந்து வருதா? தானா நடந்து வருதா?

குடுங்க. இல்ல, நீங்களே வெச்சுக்குங்க. அந்த ஸ்பீக்கரைப் போடுங்க. அம்மிணி! மைனா! பேசு சாமி. தண்ணி குடி, மொதல்ல தண்ணி குடி, கண்ணைக் கழுவு. எல்லாரும் வந்தாச்சா? ஒருத்தரும் உள்ள இல்லையே? அழுகறியா? இருமறியா? அண்ணன் வந்துட்டே இருக்கேன், இதா, பெரியநாயக்கன்பாளையம் வந்துருச்சு.

என்ன? கேக்கலை. திருப்பிச் சொல்லு. பஸ்ஸு சத்தத்துல கேக்கலை.

ஏனுங்ணா, என்ன சொல்லுச்சு அது? உங்களுக்குக் கேட்டுச்சா? நான் சரியாத்தான் கேட்டனா?

'இதே பெட்டியை வேற எங்கெங்க மாட்டியிருக்கே'ன்னு கேக்குது.

...வெச்சுட்டாங்களா? வெச்சுருச்சா. அதுக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள வெச்சுருச்சு.

அன்னூர்ல ஒரு ஐஸ் ஃபேக்டரிங்க. சத்தி ரோட்டுல பால் குளிர வெக்கற எடம். அவினாசிகிட்ட ஒண்ணு. அப்புறம் தாராபுரத்துல, பசங்க வெளையாடற ரோட்டை ஒட்டியே இன்னொரு கோல்டு ஸ்டோரேஜு. மைனா வேலை பாக்கற எடத்துல நல்லா ஓடுதுன்னு பாத்துத்தான் அவங்களும் வாங்குனாங்க. எல்லாத்துலயும் அதே போர்டுதான், அதே புரோகிராமுதான். நானு ஒரு தடவை எழுதி அப்படியே காப்பி பண்ணிப் போட்டேன். எல்லாத்துலயும் இப்பப் பச்சைதாங்க எரியும். எந்தப் பச்சை உசுரோட இருக்கறது, எந்தப் பச்சை செத்ததுன்னு இங்க உக்காந்து எனக்கெப்படித் தெரியும்?

சரிங்க. சத்தம் போடாதீங்க. பண்றேன். போனைக் குடுங்க. நம்பரெல்லாம் இதுலயேதான் இருக்குது. என்ன சொல்லணும்? நீங்க சொன்னீங்களே, அதே மாதிரித்தான? கேஸு, பெட்டி, வெளிய. லைப்ரரியைப் பத்திப் பேசக்கூடாது. சரிங்க, பேசலை.

இதா, நாலு நம்பரையும் எடுத்துட்டேன்.

மொதல்ல யாருக்குங்ணா கூப்பிடறது?